மறுதொடக்கம் மறைத்த சாய்வு: ஓர் இருமத் தேடல் மரத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு மென்பொருள் நிறுவனத்தின் உள் சேவை ஒன்றில் நடந்தது இது. வந்து சேரும் வேலைகளைப் பல செயல்முறைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதுதான் அந்தச் சேவையின் பணி. ஒவ்வொரு செயல்முறையும் தொடங்கும்போது சமவாய்ப்பாக ஒரு 64 பிட் குறியெண்ணைப் பெற்றுக்கொள்ளும். வரும் வேலைக்கும் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்கு அடுத்த பெரிய குறியெண் எந்தச் செயல்முறையிடம் இருக்கிறதோ, வேலை அதனிடம் போகும். 'அடுத்த பெரியது எது' என்ற கேள்விதான் இங்கே மையம். அதனால், ஓர் எண்ணின் இடத்தை நேரடியாகக் காட்டினாலும் வரிசையைக் காக்காத ஹாஷ் டேபிள் போதாது, எண்களின் வரிசையைக் காக்கும் ஓர் அமைப்பு வேண்டும். சேவையை முதலில் எழுதியவர்கள் இருமத் தேடல் மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு எண்ணும் ஒரு கணு; முதலில் வந்தது உச்சியில் வேராக நிற்கும்; ஒவ்வொரு கணுவுக்குக் கீழேயும் சிறியவை இடப்புறம், பெரியவை வலப்புறம் என்ற எளிய மரம். இரு பக்கக் கிளைகளின் ஆழமும் ஒத்திருக்கும்படி சமநிலைப்படுத்தும் வேலை எதுவும் அதில் கிடையாது.

அதற்கு அவர்கள் சொன்ன காரணம் நிரல் கோப்பின் தலைப்பிலேயே குறிப்பாக இருந்தது: குறியெண்கள் சமவாய்ப்பானவை, ஆகவே மரமும் சமவாய்ப்பு மரமாகவே இருக்கும், சமநிலைப்படுத்தத் தேவையில்லை. இதைப் பிழை என்று உடனே தள்ளிவிட முடியாது. சமவாய்ப்பு வரிசையில் எண்களைச் செருகிக் கட்டிய மரத்தில் ஓர் எண்ணைத் தேட ஆகும் சராசரி ஒப்பீடுகள், கணுக்களின் எண்ணிக்கையுடைய இயல் மடக்கையின் 2 மடங்கு என்ற வேகத்தில்தான் வளரும். 10,000 கணுக்களுக்குத் துல்லியமாகக் கணக்கிட்டால் 16.58 வருகிறது. முழுச் சமநிலையில் கட்டிய மரத்திலேயே 12-ஐ ஒட்டி ஆகும் என்பதால் இது நல்ல எண்தான். மிக ஆழமான கணுவுக்கும் வரம்பு உண்டு. மரத்தின் உயரம் இயல் மடக்கையின் சுமார் 4.311 மடங்காக வளரும் என்று லூக் டெவ்ராய் 1986-இல் நிறுவினார். சிறிய மரங்களில் அந்தச் சூத்திரத்தின் அடுத்த நிலை உறுப்புகள் இதைக் கீழே இழுக்கும். 10,000 கணுக்களில் உயரம் 30-ஐ ஒட்டி நிற்கும்.

நீக்கலுக்கு, 1962-இல் தாமஸ் ஹிப்பர்ட் தந்த முறையை அப்படியே எழுதியிருந்தார்கள். நீக்க வேண்டிய கணுவுக்கு வலக் கிளை இல்லையென்றால் இடக் கிளையை மேலே தூக்கிவிட வேண்டும். வலக் கிளை இருந்தால், அதிலுள்ள மிகச் சிறிய எண்ணை எடுத்துக் காலியான இடத்தில் வைக்க வேண்டும். இதற்கு ஹிப்பர்ட் ஒரு தேற்றமும் தந்திருக்கிறார்: சமவாய்ப்பு மரத்திலிருந்து சமவாய்ப்பாக ஒரு கணுவை நீக்கினால், மிஞ்சும் மரத்தின் வடிவமும் ஒரு கணு குறைந்த சமவாய்ப்பு மரத்தின் பரவலையே கொண்டிருக்கும். நிரலின் குறிப்பில் இந்தத் தேற்றமும் இடம்பெற்றிருந்தது.

சேவையில் எந்நேரமும் சுமார் 10,000 செயல்முறைகள் உயிரோடு இருக்கும். ஒவ்வொன்றும் சராசரியாக 10 நொடிதான் வாழும். ஆக நொடிக்கு ஏறக்குறைய 1,000 கணுக்கள் போகும், 1,000 கணுக்கள் வரும். தேடல்கள் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

கவனித்தது

பல ஆண்டுகளாக இந்தச் சேவையில் ஒரு நினைவகக் கசிவு இருந்தது, அதாவது பயன்படுத்தி முடித்த நினைவகம் திரும்ப விடுவிக்கப்படாமல் சேர்ந்துகொண்டே போனது. அதைச் சமாளிக்க ஒவ்வொரு இரவும் சேவையை மறுதொடக்கம் செய்துகொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து கசிவைக் கண்டுபிடித்து அடைத்தார். நல்ல வேலை. மறுதொடக்கத்துக்கு இனித் தேவையில்லை என்று அதை நிறுத்தினார்கள்.

முதல் நாள் எந்தச் சிக்கலும் இல்லை. தொடங்கிய புதிதில் தேடல் நேரம் ஒரு துளி குறையக்கூடச் செய்தது. இரண்டாம் நாள் நேரம் மெல்ல ஏறத் தொடங்கியது, அதற்கப்புறமும் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் தட்டையாக நின்றுவிட்டது. அதற்குள் தேடலுக்கான செலவு தொடக்கத்தில் இருந்ததைப் போல இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. சேவையை மறுதொடக்கம் செய்தால் உடனே பழைய நிலை திரும்பும். விட்டால் அதே ஏற்றம்.

எல்லோரும் முதலில் கசிவைத்தான் சந்தேகித்தார்கள். சரியாக அடைபடவில்லையோ என்று நினைவகப் பயன்பாட்டைப் பார்த்தால் கோடு அசையாமல் நேராக இருந்தது. நினைவகம் துண்டு துண்டாகச் சிதறி, கேஷ் தவறல்கள் (வேகமான சிறு நினைவகத்தில் தரவு கிடைக்காமல் மெதுவான நினைவகத்துக்குப் போக வேண்டிய நிலைகள்) கூடியிருக்கலாம் என்பது அடுத்த ஊகம். இது நடக்கக்கூடியதே என்பதால் கணுக்கள் அனைத்தையும் தொடர்ச்சியான ஒரே நினைவகப் பகுதிக்குள் வைத்து ஒரு சோதனை ஓட்டம் நடத்தினார்கள். ஏற்றம் அப்படியே வந்தது.

குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பொறியாளர்தான் மரத்தையே அளந்து பார்க்கலாம் என்றார். நேரத்தை அளந்தால் நூறு காரணங்கள் அதற்குள் கலந்துவிடும். ஒரு தேடலுக்கு எத்தனை ஒப்பீடுகள் ஆயின என்று எண்ணினால் மரம் மட்டும் தனியாகத் தெரியும். இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் மிகச் சிறந்தது இது என்பது என் கருத்து. எண்ணிப் பார்த்ததில் கணுக்களின் எண்ணிக்கை மாறாமல் இருந்தது, ஒப்பீடுகள்தான் இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தன. இன்னொன்றையும் அவர் அளந்தார்: வேரிலிருந்து இடப்புறமாகவே இறங்கிக் கடைசிச் சிறிய எண்ணை அடையும் பாதையில் எத்தனை கணுக்கள் இருக்கின்றன என்று. 10,000 கணுக்கள் கொண்ட சமவாய்ப்பு மரத்தில் இது சராசரியாக 9.8 இருக்க வேண்டும். இங்கே பல மடங்கு அதிகமாக இருந்தது. வல விளிம்போ அதற்கு எதிர்மாறாகக் குட்டையாகிவிட்டிருந்தது. மரம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

தேற்றம் இருந்தும் ஏன்?

குறியெண்கள் சமவாய்ப்பானவை, நீக்கப்படும் கணுவும் சமவாய்ப்பாகத்தான் அமைகிறது, நீக்கல் முறைக்குத் தேற்றமும் இருக்கிறது. அப்படியிருந்தும் மரம் ஏன் சாய்கிறது? குழு அதிக நேரம் செலவிட்டது இந்தக் கேள்வியில்தான்.

ஹிப்பர்ட் தேற்றம் சரியானது. ஆனால் அது நீக்கலுக்குப் பிறகான வடிவத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அந்த வடிவத்துக்குள் எந்த எண்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நீக்கிய பிறகு ஒரு புதிய எண்ணைச் செருகினால், அது எங்கே போய் விழும் என்பதைத் தீர்மானிப்பவை ஏற்கெனவே உள்ளே இருக்கும் எண்கள். 1975-இல் ஸ்டான்ஃபோர்டில் தன் முனைவர் பட்ட ஆய்வில் கேரி நாட் கண்டுகாட்டியது இதைத்தான்: நீக்கலுக்குப் பின் செருகினால் மரம் சமவாய்ப்பாக இருப்பதில்லை.

இதை நம்புவதற்குப் பெரிய மரம் எதுவும் வேண்டாம், மூன்று எண்கள் போதும். அந்தப் பொறியாளர் வெண்பலகையில் முழுவதையும் போட்டுக் காட்டினார். மூன்று எண்கள் 6 வரிசைகளில் வரலாம், ஒவ்வொரு மரத்திலும் 3 கணுக்களில் ஒன்றை நீக்கலாம், ஆக 18 சம வாய்ப்புள்ள நிலைகள். நீக்கிய பிறகு இரண்டு கணுக்கள் மிஞ்சும். வேர் சிறியதாக இருப்பது 9 நிலைகளில், பெரியதாக இருப்பது 9 நிலைகளில். தேற்றம் சொன்னபடியே பாதிக்குப் பாதி. இப்போது உள்ளிருக்கும் எண்களைப் பார்ப்போம். வேர் சிறியதாக இருக்கும் 9 நிலைகளில், நீங்கிய எண் மூன்றில் மிகச் சிறியதாக இருந்தது 4 முறை, நடுவானதாக இருந்தது 2 முறை, பெரியதாக இருந்தது 3 முறை. சமமாக 3, 3, 3 என்று வரவில்லை. வடிவத்தைப் பார்த்தாலே எந்த எண் போயிருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது என்பதே இதன் பொருள்.

அடுத்துப் புதிய எண் ஒன்று வருகிறது. பழைய மூன்று எண்களுக்கு இடையிலும் வெளியிலுமாக இருக்கும் 4 இடைவெளிகளில் ஏதாவது ஒன்றில் அது சம வாய்ப்போடு விழும். மொத்தம் 72 நிலைகள். உண்மையான சமவாய்ப்பு மரமென்றால் இவற்றில் 24-இல் சமநிலை வடிவம் வர வேண்டும். எண்ணிப் பார்த்தால் 25 வருகிறது.

ஒரே ஒரு நிலைதான் வேறுபாடு, அதுவும் நல்ல பக்கமாக. தொடக்கத்தில் தேடல் நேரம் ஒரு துளி குறைந்ததற்கும் இந்தப் போக்குதான் காரணம். இதே காரணத்தால் ஆராய்ச்சி உலகமும் சில ஆண்டுகள் வேறு முடிவில் இருந்தது. எழுபதுகளின் சோதனைகளில், நீக்கிச் செருகிக்கொண்டே போனால் மரம் மேம்படுவதுபோலத் தெரிந்தது. 1983-இல் ஜெஃப்ரி எப்பிங்கர் அதைவிட வெகு நீளமான சோதனைகளை ஓட்டியபோதுதான் மறுபக்கம் தெரிந்தது. முதலில் இறங்கும் பாதை நீளம் பிறகு ஏறுகிறது; போதுமான அளவு பெரிய மரங்களில் அது சமவாய்ப்பு மரத்தையே விட மோசமாகிறது. 1985-இல் ஜோசஃப் கல்பர்சன் இதற்குக் கோட்பாட்டு விளக்கம் தந்தார்: நீண்ட காலத்தில் சராசரித் தேடல் கணுக்களின் எண்ணிக்கையுடைய வர்க்கமூலத்தின் வேகத்தில் வளரும், மடக்கையின் வேகத்தில் அல்ல. மூன்றே கணுக்கள் கொண்ட மரத்தை முழுமையாகப் பகுத்தாய ஆர்னே யோனாசனும் டொனால்ட் கனூத்தும் 1978-இல் பெசல் சார்புகள் என்ற உயர்கணிதக் கருவி வரை போக வேண்டியிருந்தது. நீக்கல் நிரலோ பத்துப் பதினைந்து வரிதான். இந்தத் துறையில் என்னை மிகவும் ஈர்க்கும் இடம் இது.

சாய்வு ஏன் இடப்பக்கம், ஏன் ஒரு நாளுக்கு மேல் எடுக்கிறது என்பதற்குத் தோராயமான ஒரு விளக்கம் உண்டு. வேர்க் கணு நீங்கும்போது அதன் இடத்துக்கு வலக் கிளையின் சிறிய எண் வருகிறது. அதாவது வேரின் எண் ஒரு படி மேலே நகர்கிறது. வலப்பக்கம் ஒன்று குறைகிறது, இடப்பக்கம் குறைவதில்லை. எதிர்த்திசையில் இழுக்க அந்த முறையில் சமமான விசை எதுவும் இல்லை. ஆனால் 10,000 கணுக்களில் குறிப்பாக வேரே நீங்குவது சராசரியாக 10,000 நீக்கல்களுக்கு ஒரு முறைதான். வேர் ஆயிரக்கணக்கான படிகள் நகர வேண்டுமென்றால் அத்தனை முறை 10,000 நீக்கல்கள் ஆக வேண்டும். அதனால்தான் விளைவு முழுதாகத் தெரிய, எண்ணிக்கையின் வர்க்கம் அளவுக்கு, இங்கே 10 கோடி, செருகல் நீக்கல்கள் தேவைப்படுகின்றன. நொடிக்கு 1,000 என்ற கணக்கில் அது ஒரு லட்சம் நொடி, ஏறக்குறைய 28 மணி நேரம். இரவு மறுதொடக்கம் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை மரத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தது. கசிவுக்காக வைத்த மருந்து, பல ஆண்டுகளாக இந்த நோயையும் சேர்த்தே அடக்கி வைத்திருந்திருக்கிறது.

எடுத்த முடிவுகள்

உடனடித் தீர்வில் விவாதம் அதிகம் இல்லை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை எண்களை வரிசையாக எடுத்து, முழுச் சமநிலை மரமாக மறுபடி கட்டுவது என்று முடிவானது. 10,000 கணுக்களுக்கு அது கண் இமைக்கும் நேரத்து வேலை. சேவையை நிறுத்தவும் வேண்டாம்.

நிரந்தரத் தீர்வுக்கு மூன்று வழிகள் மேசைக்கு வந்தன. முதல் வழி மிகச் சிறிய மாற்றம்: நீக்கும்போது நாணயம் சுண்டுவதுபோல, சில முறை வலக் கிளையின் சிறியதையும் சில முறை இடக் கிளையின் பெரியதையும் எடுப்பது. எப்பிங்கரின் சோதனைகளில் இப்படிச் சமச்சீராக நீக்கிய மரங்கள் சமவாய்ப்பு மரத்தைவிட நன்றாகவே இருந்தன. மூத்த பொறியாளர் ஒருவர் இதற்கு உடன்படவில்லை. அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகவே பட்டது. இந்த வழிக்குச் சோதனைகள்தான் ஆதாரம். மேலும், நீக்கல் முறையில் மிகச் சிறிய சமச்சீரின்மை மிஞ்சினாலும் அது நீண்ட காலத்தில் சேர்ந்து மரத்தைக் கெடுக்கும் என்று கல்பர்சனின் பிந்தைய ஆய்வும் காட்டியிருக்கிறது. இரண்டு கிளைகள் உள்ள கணுவுக்கு நாணயம் சுண்டிவிட்டு, ஒரு கிளை மட்டும் உள்ள கணுவைப் பழையபடியே விட்டால், சமச்சீரின்மை வேறு வழியாக உள்ளே வந்துவிடும். நாளை இந்த நிரலைத் தொடும் ஒருவர் அப்படி ஒரு திருத்தம் செய்ய எல்லா வாய்ப்பும் உண்டு.

இரண்டாவது வழி சிவப்பு-கருப்பு மரம்: கணுக்களுக்கு இரு நிறங்கள் கொடுத்து, ஒவ்வொரு செருகலிலும் நீக்கலிலும் தன்னைத்தானே சமநிலைப்படுத்திக்கொள்ளும் மரம். 10,000 கணுக்களில் அதன் உயரம் எந்த நிலையிலும் 27-ஐத் தாண்டாது. இது உறுதியான உத்தரவாதம். மூன்றாவது, ரைமுண்ட் சைடலும் சிசிலியா அரகானும் 1989-இல் முன்வைத்த ட்ரீப். ஒவ்வொரு கணுவுக்கும் குறியெண்ணோடு, அதற்குத் தொடர்பில்லாத ஒரு சமவாய்ப்பு முன்னுரிமை எண்ணும் கொடுக்கப்படும். குறியெண்ணின்படி அது தேடல் மரம், முன்னுரிமையின்படி பார்த்தால் பெற்றோர் கணு எப்போதும் குழந்தைகளை முந்தும். எந்த எண்கள் எந்த வரிசையில் வந்தன, எவை போயின என்ற வரலாறு மரத்தின் வடிவத்தைத் தொடுவதே இல்லை. இப்போது உள்ளே இருக்கும் எண்களை முன்னுரிமை வரிசையில் செருகியிருந்தால் எந்த மரம் கிடைத்திருக்குமோ, அதே மரம்தான் எப்போதும் நிற்கும். முதலில் எழுதியவர்கள் தங்கள் மரத்துக்கு இருப்பதாக நம்பிய பண்பு இதுவே. ட்ரீப்பில் அது ஊகமாக இல்லாமல் கட்டமைப்பாகவே இருக்கிறது.

ட்ரீப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். கணுவின் அமைப்பில் பயன்படாமல் கிடந்த 32 பிட் இடம் முன்னுரிமைக்குச் சரியாகப் பொருந்தியது. நிரல் சிறியது. ஒரு செருகலுக்கோ நீக்கலுக்கோ ஆகும் சுழற்சிகள் (பெற்றோர் கணுவும் குழந்தைக் கணுவும் இடம் மாறும் சீரமைப்புகள்) சராசரியாக 2-க்கும் குறைவு. சிவப்பு-கருப்பு மரத்தை விரும்பியவர்களின் வாதமும் வலுவானதே. மிக மோசமான ஒரு தேடலுக்கு உறுதியான வரம்பு தேவைப்படும் இடமாக இருந்திருந்தால் நானும் அந்தப் பக்கம்தான் நின்றிருப்பேன். இங்கே தேவைப்பட்டது சராசரி.

செயல்படுத்தும்போது ஒரு யோசனை எழுந்தது: குறியெண்ணே சமவாய்ப்பானதுதானே, அதையே முன்னுரிமையாகவும் வைத்தால் இடம் மிச்சம். அப்படி வைத்தால் இரண்டு வரிசைகளும் ஒன்றாகிவிடும், மரம் முழுவதும் ஒரே நீளச் சங்கிலியாக மாறிவிடும். முன்னுரிமை தனிச் சமவாய்ப்பு மூலத்திலிருந்து வர வேண்டும் என்பதை நிரலிலேயே எழுதி வைத்தார்கள்.

அதன் பிறகு

புதிய மரம் இயங்கத் தொடங்கிய பின் சராசரி ஒப்பீடுகள் 16-க்கும் 17-க்கும் அருகிலேயே நின்றன. வாரக்கணக்கில் மறுதொடக்கம் இல்லாமல் ஓடியும் ஏற்றம் இல்லை. மறுபடி கட்டும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

கண்காணிப்புக்கு எந்த எல்லையை வைப்பது என்பதற்கும் கணிதமே விடை தந்தது. சமவாய்ப்பு மரத்தின் சராசரி ஆழத்துக்கு ஓர் அழகான பண்பு உண்டு: சராசரி மதிப்பு கணுக்களோடு மெல்ல வளர்ந்தாலும், அதன் திட்ட விலக்கம் வளர்வதில்லை. மரம் எவ்வளவு பெரிதானாலும் அது சுமார் 0.65-தான். அதனால் 16.58-லிருந்து சுமார் 3.4 விலகி, அதாவது திட்ட விலக்கத்தைப் போல 5 மடங்குக்கு மேல் விலகி, 20-ஐத் தாண்டினால் அது தற்செயலாக இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. 20 என்பதையே எச்சரிக்கை எல்லையாக வைத்தார்கள். முன்பு நேரத்தை வைத்து அமைத்திருந்த எச்சரிக்கை, வேலைப் பளு கூடினாலே கத்திக்கொண்டிருந்தது.

மாற்ற வேண்டியவை

சோதனை முறைதான் பெரிதும் மாற வேண்டியிருந்தது. பழைய சுமைச் சோதனை சில நூறு கணுக்களோடு ஓடியது. மரம் சிறியதாக இருந்தால் சோதனை விரைவில் முடியும், அதே போக்கு சிறிய அளவில் தெரிந்துவிடும் என்பது வழக்கமான எண்ணம். இந்தச் சிக்கலில் அது பொருந்தாது. சிறிய மரங்களில் ஹிப்பர்ட் நீக்கல் மரத்தை மேம்படுத்தவே செய்கிறது, கேடு பெரிய மரங்களில்தான் வருகிறது. ஆகவே இப்போது முழு அளவான 10,000 கணுக்களோடு, 10 கோடி செருகல் நீக்கல்களைத் தாண்டி, மரத்தை மட்டும் தனியாக ஓட்டிப் பார்க்கிறார்கள். வலைப்பின்னலும் காத்திருப்பும் இல்லாததால் அது சில நிமிட வேலைதான்.

நிரல் மதிப்பாய்வில் இன்னொரு வழக்கமும் சேர்ந்தது. ஒரு தேற்றத்தை நம்பி ஒரு முடிவு எடுத்தால், அந்தத் தேற்றம் எந்தச் செயல்களின் வரிசைக்குப் பொருந்தும் என்பதையும் கூடவே எழுத வேண்டும். 'ஒரு நீக்கலுக்குப் பின்' என்ற சொற்கள் அந்தப் பழைய குறிப்பில் இருந்திருந்தால், அடுத்து வரும் செருகலைப் பற்றி யாராவது கேட்டிருப்பார்கள்.

பராமரிப்புக்காக ஓடும் எந்த மறுதொடக்கத்தையும் நிறுத்துவதற்கு முன், அது உள்ளே எந்தெந்த அமைப்புகளைப் புதிதாகக் கட்டுகிறது என்று பட்டியலிடுவதும் இப்போது நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போது இதே நீக்கல் நிரலைப் பயன்படுத்தும் வேறு இரண்டு மரங்கள் அகப்பட்டன. ஒன்றை ட்ரீப்பாக மாற்றினார்கள். மற்றொன்றில் செருகல் மட்டுமே நடக்கிறது, நீக்கலே கிடையாது, வரும் எண்களும் சமவாய்ப்பானவை. அதைத் தொடாமல் விட்டு, ஏன் விட்டோம் என்று அதன் தலைப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள்.